வெயில் காலத்துல காட்டு வேலைக்குப் போற நாம

(2025 மார்ச்சில், மகளிர் தினத்தை ஒட்டி, தம்மம்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



மைக் முன்னால நின்னு எனக்குப் பழக்கம் இல்லீங்க. எங்க குழுவுல தீர்மான நோட்டு எழுதுறது நான்தான். அந்த தைரியத்துல இதையும் நோட்டுல எழுதிக்கிட்டு வந்து படிக்கிறேன். கோடைக்காலப் பாதுகாப்பு பத்திப் பேசணும்னு சொன்னாங்க. "வெயில்ல போகாதீங்க, குடை பிடிங்க, இளநீர் குடிங்க"ன்னு டிவியில தினமும் சொல்றாங்க. அதையே நானும் சொல்லிட்டு இறங்கலாம். ஆனா காட்டு வேலைக்குப் போறவங்க வெயில்ல போகாம எப்படி இருக்கிறது? குடை பிடிச்சுக்கிட்டா களை வெட்டுறது? அதனால போன வருஷம் எங்க குழுவுல நடந்ததைச் சொல்றேன். அந்த அக்கா இங்கேதான் உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "என் பேரை மட்டும் சொல்லாத கண்ணு, மத்ததெல்லாம் சொல்லு"ன்னாங்க.

2024 ஏப்ரல் மாசம். பத்தொன்பதாம் தேதி ஓட்டுப் போட்டோம் பாருங்க, அதுக்கு அப்புறம் ஒரு பத்து நாள் இருக்கும். அந்த வாரம் அடிச்ச வெயில் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். சேலத்துல 41 டிகிரிக்கு மேல போச்சு. ஈரோட்டுலயும் கரூர் பரமத்தியிலயும் 43-ஐத் தாண்டிச்சு. நாங்க ஒம்போது பேர் ஒரு காட்டுல கடலைக்காய் பறிக்கப் போயிருந்தோம். வள்ளக் கணக்கு. எத்தனை வள்ளம் பறிக்கிறமோ அத்தனைக்குக் கூலி. வள்ளக் கணக்குன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். நாள் கூலின்னா நடுவுல எந்திரிச்சுப் போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சு, ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம். வள்ளக் கணக்குல எந்திரிச்சவளுக்கு நஷ்டம். பக்கத்துல உக்காந்திருக்கிறவ குவியல் ஏறிக்கிட்டே இருக்கும், நமக்குக் கை பறக்கும்.

பதினொன்றரை மணி இருக்கும். அந்த அக்கா முதல்ல தலை வலிக்குதுன்னாங்க. வேலை முடியட்டும், ஒரு மாத்திரை போட்டுக்கலாம்னு சொன்னோம். கொஞ்ச நேரத்துல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சுன்னு காலை நீட்டி உக்காந்தாங்க. அதுக்கப்புறம் சம்பந்தம் இல்லாம பேச ஆரம்பிச்சாங்க. கல்யாணம் ஆகிப் போன மகளைக் கூப்பிட்டு, "ஆட்டைப் புடிச்சுக் கட்டுடி"ன்னு எங்களை அதட்டுறாங்க. நாங்க சிரிச்சோம். இப்ப நெனச்சா என் மேல எனக்கே கோவம் வருது, ஆனா அன்னைக்கு சிரிச்சோம். பெரியவங்க ஒருத்தர், "மாரியாத்தா வந்திருக்கா, சாட்டுப் போட்ட நேரம்"னு வேப்பிலை ஒடிக்கப் போயிட்டாங்க. கையைத் தொட்டுப் பாத்தேன். அடுப்புல இருந்து எறக்கின சட்டி மாதிரி சுட்டுச்சு.

அப்ப நான் செஞ்ச தப்பைச் சொல்லணும். என் பையில கலர் பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. அவங்க தலையை மடியில வெச்சு, வாயைப் பிளந்து, கலரை ஊத்திட்டேன். பாதி மயக்கத்துல இருக்கிறவங்க எப்படி முழுங்குவாங்க? புரை ஏறி, மூச்சு முட்டி, கண்ணு மேல சொருகிடுச்சு. 108-க்குப் போன் பண்ணினோம். வண்டியில வந்த தம்பி முதல்ல பண்ணினது என்ன தெரியுங்களா? எங்களை எல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, ஒரு பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வெச்சு, மோட்டார் தொட்டியில இருந்து தண்ணியை மொண்டு மொண்டு அவங்க மேல ஊத்தினாரு. "நினைவு இல்லாதவங்களுக்கு வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாதுக்கா. தண்ணியை உடம்பு மேல ஊத்துங்க, விசிறுங்க, எங்களுக்குப் போன் பண்ணுங்க. இந்த மூணுதான்"னாரு. தொட்டி எங்களுக்கு முப்பது அடி தூரத்துல இருந்துச்சு. முப்பது அடி தூரத்துல தண்ணியை வெச்சுக்கிட்டு நான் அவங்க வாயில கலரை ஊத்தியிருக்கேன்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பிழைச்சு வந்துட்டாங்க. சிறுநீரகம் பாதிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லி, இன்னும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் எடுக்கப் போறாங்க. முன்ன மாதிரி காட்டு வேலைக்குப் போக முடியல. இப்ப வீட்டோட பால் மாடு ஒண்ணு வெச்சிருக்காங்க, நம்ம குழுக் கடன்லதான்.

ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்ப கேட்டேன். "ஏங்க்கா, அன்னைக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிச்சீங்க?" அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "காலையில ஒரு டம்ளர் டீ. அவ்வளவுதான். அந்தக் காட்டுல எங்க போய் ஒதுங்குறது? சுத்தி வெட்டவெளி. ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் ஆம்பளையாளுங்க கிழங்கு புடுங்குறாங்க. தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே, அதான் குடிக்கல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்னைக்கு மேடை ஏறினேன். இங்க இருக்கிற எல்லாரும் நெஞ்சுல கையை வெச்சுச் சொல்லுங்க, நாம அப்படிச் செஞ்சதில்லையா? நான் செஞ்சிருக்கேன். வேலைக்குப் போற நாள் காலையில தண்ணி குடிக்க மாட்டேன். பஸ்ல வெளியூர் போனாலும் குடிக்க மாட்டேன். எங்க அம்மா அப்படித்தான், எங்க மாமியாரும் அப்படித்தான். நம்ம பொண்ணுங்களும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன பாட்டிலை அப்படியே திரும்பக் கொண்டு வருதுங்க, பாத்திருப்பீங்க. தண்ணி குடிக்கணும்னு நமக்குத் தெரியாம இல்லீங்க. குடிச்சா எங்க போறதுன்னு தெரியாமத்தான் குடிக்கிறதில்ல. ஆம்பளைங்களுக்கு ஒரு பனைமரம் போதும். நமக்குப் பொழுது சாயணும்.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நம்ம உடம்புச் சூடு 37 டிகிரி. வெளியில எவ்வளவு அடிச்சாலும் உடம்பு அந்த 37-ஐக் காப்பாத்தப் பாக்கும். அதுக்கு அதுகிட்ட இருக்கிற வழி வியர்வை. மண்பானை கசிஞ்சு தண்ணி சில்லுன்னு ஆகுது பாருங்க, அதே கணக்கு. கடும் வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் வியர்வையாப் போகும். பானையில தண்ணியே ஊத்தலைன்னா எங்க இருந்து கசியும்? உடம்புச் சூடு ஏறும். 40-ஐத் தாண்டினா மூளை தடுமாறும். அந்த அக்கா மகளைக் கூப்பிட்டது அதனாலதான். சிறுநீரகத்துக்குப் போற ரத்தமும் குறைஞ்சு போகும்.

இன்னொண்ணு. டிவியில 41 டிகிரின்னு சொல்றாங்களே, அது வெயில்ல வெச்சு அளக்கிறது இல்லைங்க. வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச பலகைப் பெட்டிக்குள்ள, நிழல்ல, காத்தோட்டமா வெச்சு அளக்கிறது. நாம உக்காந்திருக்கிறது அந்தப் பெட்டிக்குள்ளயா? கொதிக்கிற மண்ணு மேல. அதனால டிவிக்காரங்க சொல்றதைவிட நமக்கு அதிகம்னே வெச்சுக்குங்க.

எது சாதாரணக் களைப்பு, எது ஆபத்துன்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். தலைவலி, தலை சுத்தல், குமட்டல், கை கால் சதை இழுக்கிறது, வியர்த்துக் கொட்டுறது, ஆனா பேச்சு தெளிவா இருக்கு, இப்படின்னா உடனே நிழலுக்குக் கூட்டிட்டுப் போயி, துணியைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்க வைக்கலாம். அன்னைக்கு அதோட அவங்களை வேலைக்கு விடக் கூடாது. பேச்சு குழறுது, உளர்றாங்க, நடை தள்ளாடுது, வலிப்பு வருது, நினைவு போகுதுன்னா அது வேற. அப்ப ஒரு நிமிஷம் வீணாக்காம 108. வண்டி வர்ற வரைக்கும் தண்ணியை ஊத்தி விசிறிக்கிட்டே இருக்கணும், கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஈரத்துணியோ ஐஸோ வைக்கணும். "வியர்வை நின்னாத்தான் ஆபத்து"ன்னு சிலர் சொல்றாங்க, அதை நம்பி இருக்காதீங்க. நம்மள மாதிரி வேலை செய்யறவங்களுக்கு வியர்த்துக்கிட்டே இருக்கும்போதும் அந்த நிலைமை வரும். பேச்சைத்தான் கவனிக்கணும். சாமி வந்திருக்கான்னு தோணினாலும் சரி, முதல்ல தண்ணியை ஊத்துங்க. மாரியாத்தா குளிர்ந்தவதானே, கோவிச்சுக்க மாட்டா.

உப்பு சர்க்கரைக் கரைசல்னு சொன்னேன். அதுக்கு ஒரு கதை இருக்குங்க. 1971-ல வங்கதேசப் போர் நடந்தப்ப லட்சக்கணக்கான சனம் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு அகதியா வந்தாங்க. பங்காவ்ங்கற ஊர்ல முகாம்ல காலரா பரவிடுச்சு. நரம்புல ஏத்துற குளுக்கோஸ் பாட்டில் தீந்து போச்சு. அங்க இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்ன பண்ணினாருன்னா, உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் அளவாக் கலந்து, டிரம்ல கரைச்சு வெச்சு, நோயாளிங்களோட அம்மா, அக்கா, தங்கச்சிங்ககிட்டயே டம்ளரைக் குடுத்து, குடிக்க வெச்சுக்கிட்டே இருங்கன்னு சொல்லிட்டாரு. நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டு இருந்த இடத்துல, நாலு பேருக்கும் கீழ குறைஞ்சுது. அந்தக் கரைசல்தான் இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல நமக்கு இலவசமாக் குடுக்கிற ஓஆர்எஸ் பொட்டலம். 2022-ல அவர் இறந்தப்புறம் பத்மவிபூஷண் குடுத்தாங்க. உயிரோட இருந்தப்பவே குடுத்திருக்கலாம்.

ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணின்னு அதுலயே போட்டிருக்கும், பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. டம்ளர்ல பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் குடிக்கிறது தப்பு. பொட்டலம் இல்லாட்டி ஒரு லிட்டர் தண்ணிக்கு டீ ஸ்பூன்ல தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடிடக் கூடாது. கண்ணீர் அளவுக்குக் கூட கரிக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அட்டை டப்பாவுல இனிப்பா விக்கிற ஜூஸ் எல்லாம் இதுக்கு ஈடு இல்ல. அந்தக் காசுக்கு நீச்சத்தண்ணி போதும். பழைய சோத்துத் தண்ணியில கொஞ்சம் மோர், ஒரு கல் உப்பு, ரெண்டு சின்ன வெங்காயம். நம்ம பாட்டிங்க கம்மங்கூழைத் தூக்குப்போசியில கொண்டு போனது சும்மா இல்ல. சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க, முக்கியமா நீர் மாத்திரை சாப்பிடுறவங்க, வெயில் காலத்துக்கு உப்பும் மாத்திரையும் எப்படின்னு டாக்டரைக் கேட்டுக்கணும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

தண்ணி போதுமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, சிரிக்காதீங்க. ஒதுங்கும்போது கலரைப் பாருங்க. வைக்கோல் நிறத்துக்கு லேசா இருந்தா சரி. டீ டிகாஷன் மாதிரி இருந்தா உடம்பு காஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். நீர்க்கடுப்பு நமக்கு அடிக்கடி வர்றதும் அடக்கி வெச்சு அடக்கி வெச்சுத்தான்.

சரி, ஒதுங்க இடத்துக்கு என்ன பண்ணினோம்? அந்த அக்கா ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரம் குழுக் கூட்டத்துல பேசினோம். ரெண்டு மணி நேரம் பேசியிருக்கோம், தீர்மான நோட்டுல ரெண்டே வரிதான் இருக்கு. எல்லார் வீட்டுலயும் பழைய சேலை இருக்கு. நாலு சேலையை ரெட்டையா மடிச்சு, ஓரத்துல நாடா மாதிரி தெச்சோம். எங்க வீட்டுக்காரர் பாக்குத் தோப்பு வேலைக்குப் போறவர். அவர் ஆளுயரத்துக்கு நாலு மூங்கில் கம்பு வெட்டி, நுனியைக் கூர் சீவிக் குடுத்தாரு. காட்டுக்குப் போனதும் ஓரமா ஒரு மூலையில மண்வெட்டியால சின்னக் குழி எடுத்து, சுத்தி நாலு கம்பை ஊணி, சேலையைக் கட்டிடுவோம். ஒரு தகரக் குடத்துல தண்ணி, ஒரு சோப்பு. சாயங்காலம் குழியை மூடிட்டு கம்பையும் சேலையையும் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துடுவோம். செலவு, சோப்பு மட்டும்தான்.

முதல் நாள் காட்டுக்காரர் சிரிச்சாரு. "என்னம்மா, கூடாரம் போட்டு சினிமா காட்டப் போறீங்களா"ன்னாரு. எங்க ஊக்குநர் அக்கா நேருக்கு நேர் சொல்லிட்டாங்க, "ஆமாங்க, நீங்க பாக்க முடியாத சினிமா"ன்னு. அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் சொல்லல. கிணத்துலேர்ந்து தூரமாப் போட்டுக்குங்கன்னு மட்டும் சொன்னாரு. அது நியாயம். முதல் நாள் வள்ளம் கொஞ்சம் குறைஞ்சுதுங்க, மறைக்கல. எல்லாரும் தண்ணி குடிக்கிறாங்க, எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க, கூலி குறையாம இருக்குமா? ஆனா மத்தியானத்துக்கு மேல தலைவலின்னு படுக்கிற ஆள் இல்லாம, ஒரு வாரத்துல பழைய கணக்குக்கு வந்துடுச்சு. மாதவிலக்கு நாள்ல துணி மாத்த முடியாம வேலைக்கே வராம இருந்த ரெண்டு பொண்ணுங்க, இப்ப வருதுங்க. நாங்க அதை யோசிக்கவே இல்ல. சேலையைக் கட்டினப்புறம்தான் தெரிஞ்சுது.

நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம். அந்தச் சட்டத்துலயே வேலை நடக்கிற இடத்துல நல்ல குடிதண்ணி, குழந்தைங்களுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி இருக்கணும்னு எழுதியிருந்தாங்க. சின்னக் குழந்தைங்க அஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா, பாத்துக்கிறதுக்கு நம்மள்லயே ஒருத்தரை விடணும், அவங்களுக்கும் கூலி உண்டுன்னு இருந்துச்சு. அதனால கேக்கிறதுக்கு நமக்கு உரிமை இருக்கு. ஆனா அந்த வரியில ஒதுங்குற இடம் பத்தி இல்லீங்க. எழுதினவங்க மனசுல அது வரல போல. ஏரி வேலைக்கும் நம்ம சேலையும் கம்பும் போகட்டும். பணித்தளப் பொறுப்பாளர்ங்க பல பேர் நம்ம குழுப் பெண்கள்தானே, அவங்க மனசு வெச்சா முடியும்.

வயித்துல குழந்தை இருக்கிறவங்க இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துப் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் நம்ம தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிப் பெண்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. வெக்கையில வேலை செஞ்சவங்களுக்குக் கரு கலையிறதும் குழந்தை வயித்துலயே இறந்து போறதும் ரெண்டு மடங்கு. நம்ம ஊர்ல குறைப்பிரசவம் ஆனா "அவ ராசி"ன்னு சொல்லிடுறோம். அந்தப் பொண்ணு எந்த மாசத்துல எந்தக் காட்டுல வேலை செஞ்சான்னு யாரும் கேக்கிறதில்ல.

2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சிருக்கு. புயல், வெள்ளம் மாதிரி இதுவும் பேரிடர். வெப்ப அலையில இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனா வெயிலாலதான் இறந்தாங்கன்னு டாக்டர் சான்று வேணும். எங்க தெருவுல ஒரு பாட்டி, ஆடு மேய்க்கப் போன இடத்துல வேலாமரத்தடியில கிடந்தாங்க. அது இந்த அறிவிப்பு வர்றதுக்கு முந்தி. "வயசாச்சு, நல்ல சாவு"ன்னு பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல, எங்கயும் எழுதல. அந்தச் சாவு எந்தக் கணக்குலயும் இல்ல. பணத்துக்காகச் சொல்லல. கணக்குல வந்தாத்தான் அடுத்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு தண்ணிப்பந்தலாவது போடணும்னு யாருக்காவது தோணும்.

நம்மள மாதிரிப் பெண்கள் வேற ஊர்ல என்ன செய்றாங்கன்னு தெரிஞ்சா தைரியம் வரும். குஜராத்துல 1972-ல இளா பட் அம்மா தொடங்கின சேவா சங்கம் இருக்கு. தெருவுல காய் விக்கிறவங்க, பீடி சுத்துறவங்க, உப்பளத்துல வேலை செய்யறவங்க எல்லாம் அதுல உறுப்பினர். அவங்க வெயிலுக்குன்னு ஒரு காப்பீடு கொண்டு வந்தாங்க. யாரும் மயங்கி விழ வேண்டாம், ஆஸ்பத்திரிச் சீட்டு காட்ட வேண்டாம். வெயில் குறிச்ச அளவைத் தாண்டினா காசு தானா வங்கிக் கணக்குக்கு வரும். 2024 கோடையில கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் பெண்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் வந்துச்சு. 400 பெரிய காசு இல்லதான். ஆனா "இன்னைக்கு ஒரு நாள் போகல"ன்னு சொல்றதுக்கு அந்த 400 போதும். நம்ம கூட்டமைப்புல இப்படி ஒண்ணு செய்ய முடியுமான்னு பொருளாளர் அக்காகிட்டக் கேட்டிருக்கேன். கணக்குப் போட்டுப் பாக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. கைதட்டுங்க, அப்பத்தான் மறக்க மாட்டாங்க.

நேரம் ஆச்சு, பெல் அடிக்கிறாங்க. பிள்ளைங்க விஷயம் ஒண்ணு மட்டும். மே மாசம் பள்ளிக்கூடம் லீவு. நாம காட்டுல இருப்போம், அதுங்க கிணத்துல இருக்கும். நம்ம பக்கத்துக் கிணறு எல்லாம் ஆழம், படி பாதியில நின்னு போயிருக்கும். நீச்சல் கத்துக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், பொம்பளைப் பிள்ளைங்களும் கத்துக்கணும். பெரியவங்க ஒருத்தர் மேல நிக்காம இறங்கக் கூடாது, கயிறும் டியூபும் இல்லாம இறங்கக் கூடாது. ஒருத்தன் முழுகினா அடுத்தவன் குதிக்கிறான், ரெண்டு பேரும் போயிடுறாங்க. அப்படி ஆகாம என்ன செய்யலாம்னு நம்ம பக்கத்து மாவட்டத்துலயே காட்டியிருக்காங்க. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில, 2020 ஆகஸ்ட்ல, நீர்த்தேக்கத்துல நாலு பையன்கள் முழுகிட்டாங்க. குளிச்சு, துணி துவைச்சுக்கிட்டு இருந்த செந்தமிழ்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி மூணு பேரும் கட்டியிருந்த சேலையை அவுத்துத் தண்ணியில வீசினாங்க. ரெண்டு பேரை இழுத்துட்டாங்க. ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. அந்த வருஷம் சுதந்திர தினத்தன்னைக்கு அவங்க மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது குடுத்தாங்க. மானம் போயிடும்னு அவங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா அந்த ரெண்டு பிள்ளைங்களும் இல்ல.

திருவிழாவுக்கு விரதம் இருக்கிறவங்களும் பால்குடம் எடுக்கிறவங்களும், சோறு வேணா விடுங்க, தண்ணியை விடாதீங்க. கோடை மழை வந்தா புளியமரத்தடியில ஒதுங்காதீங்க, இடி விழும். அவ்வளவுதான்.

கடைசியா ஒரு வேலை. போன கூட்டத்துல சொன்ன மாதிரி பழைய சேலை கொண்டு வந்தவங்க மேடைக்குப் பின்னால தையல் மிஷின்கிட்டக் குடுங்க. நைலக்ஸ் வேண்டாம், வெளிச்சத்துல தெரியுது. நூல் சேலையா இருக்கட்டும். ஒரு குழுவுக்கு ஒரு மறைப்பு, நாலு கம்பு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதினோரு குழுவுக்குத் தெச்சு முடிச்சிடலாம்னு இருக்கோம். மீதிக் குழுக்காரங்க பேரை என்கிட்டக் குடுங்க, நோட்டுல எழுதிக்கிறேன். வர்ற திங்கக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கலாம்.